கரவனில் பற்றறி இரண்டாம் இரவே படுக்குது: பனல் கூட்டுறதோ, லித்தியம் போடுறதோ?

வான்மனை (மெல்பன்), ஞாயிறு இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் பழைய கரவன் (வண்டிக்குப் பின்னால இழுக்கிற சக்கர வீடு) ஒண்டு வாங்கினனான். 18 அடி, 2014 மொடல். கூரையில 150 வாட் சோலர் பனல் ஒண்டு, கட்டிலுக்குக் கீழ 100 ஆம்ப்-அவர் ஏஜிஎம் (மூடின ஈய-அமில வகை) பற்றறி ஒண்டு, அலுமாரிக்கு மேல பனலில இருந்து பற்றறிக்குப் போற சார்ஜைக் கட்டுப்படுத்துற சின்ன ரெகுலேற்றர். பிரிட்ஜ் 12 வோல்ற்றில ஓடுற கொம்பிரஸர் வகை. இழுக்கிறது டீசல் யூட் (பிக்கப் வண்டி).

ஈஸ்ரர் லீவுக்கு ஹோல்ஸ் காப் பக்கம், கறன்ற் இல்லாத இடத்தில மூண்டு இரவு நிண்டம். முதல் இரவு பிரச்சினை இல்லை. இரண்டாம் இரவு விடியப்புறம் மூண்டு மணிக்குப் பிரிட்ஜ் கீ கீ எண்டு கத்தத் தொடங்கிச்சு. மனுசி எழும்பி, "உங்கட சோலர் அழுகுது, போய்ப் பாருங்கோ" எண்டா. வாங்கி வச்ச மீனை அடுத்த நாள் பக்கத்து வண்டிக்காரரின்ர ஐஸ் பெட்டியில வைக்க வேண்டியதாப் போச்சு.

இங்க ஒரு கடையில கேட்டன். 200 ஆம்ப்-அவர் லித்தியம், 400 வாட் பனல், 2000 வாட் இன்வேற்றர் எல்லாம் போட்டால்தான் சரிவரும் எண்டு ஐயாயிரம் டொலருக்குக் கிட்ட கொட்டேஷன் தந்தினம். கரவன் வாங்கின காசில கால்வாசி. வேற வழி இருக்கோ?

பெர்த்_பாலைவழி, ஞாயிறு இரவு 10.15

நண்பா, ஏஜிஎம்மைத் தூக்கிப் போடுங்க. ஈயம் சம்பந்தப்பட்ட எந்த பேட்டரியும் பாதிக்குக் கீழ இறங்கினா ஆயுசு குறையும். உங்க 100ல கைக்கு வர்றது 50 தான். பிரிட்ஜ் ஒண்ணே ஒரு நாளைக்கு 40 குடிக்கும். லைட்டு, தண்ணி பம்ப்பு, போன் சார்ஜ் சேர்த்தா கணக்கு முடிஞ்சுது.

எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) போட்டீங்கன்னா 100ல 80, 90 வரைக்கும் தாராளமா எடுக்கலாம், எடையும் பாதிதான். நான் மூணு வருஷமா ஓட்டறேன். நல்லார்பார் பாலைவெளி முழுக்க ஏசி தவிர எல்லாம் ஓடிச்சு.

கோவைவயர், திங்கள் காலை 7.05

கோயமுத்தூர்ல டெம்போ டிராவலரை வீடா மாத்திக் கொடுக்கற வேலை நமக்கு. பெர்த் சொல்றது சரிதான், ஆனா பேனலையும் விடாதீங்க. கூரையில படுத்துக் கிடக்கற பேனல் சரிஞ்ச பேனல் அளவுக்குத் தராது. தெற்கு பார்த்து கொஞ்சம் சாய்ச்சு வச்சீங்கன்னாலே நல்ல வித்தியாசம் தெரியுமுங்க.

மில்டூரா_செல்வி, திங்கள் காலை 7.30

கோவை அண்ணா, இங்க தெற்கு பார்த்து வச்சா பேனல் வெயிலுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கும். ஆஸ்திரேலியாவில சூரியன் வடக்குப் பக்கம்தான் போகும் :)

கோவைவயர், திங்கள் காலை 7.34

அட ஆமாங்க! காலங்காத்தால காபி குடிக்காம எழுதுனா இப்படித்தான். வடக்குன்னு திருத்தி வாசிச்சுக்கோங்க.

கப்பல்கரண்ட் (அடிலெய்ட்), திங்கள் மாலை 6.20

தூத்துக்குடிக்காரன். முப்பது வருஷம் கப்பல்ல எலக்ட்ரீசியனா இருந்து ரிட்டயர் ஆனவன். எல்லாரும் மருந்துச் சீட்டு எழுதியாச்சு, நாடி பார்த்தவங்க ஒருத்தரும் இல்ல. தம்பி வான்மனை, பைசா செலவு பண்ணுறதுக்கு முன்னால ஒரு மல்டிமீட்டரும், டிசி ஆம்ப் காட்டுற கிளாம்ப் மீட்டரும் எடுத்துக்கோங்க. (ஏசி மட்டும் காட்டுற கிளாம்ப் இதுக்கு உதவாது, வாங்கும்போது பாருங்க.) நாலு இடத்துல அளந்து எழுதுங்க.

1. ராத்திரி பேனல், சார்ஜர், லோடு எல்லாத்தையும் கழட்டிவிட்டு, காலையில பேட்டரி முனையில என்ன வோல்ட்.

2. யூட் எஞ்சின் ஓடும்போது, ஆண்டர்சன் பிளக் (யூட்டையும் கேரவனையும் இணைக்கிற கரண்ட் பிளக்) மாட்டின நிலையில, யூட் பேட்டரியில எவ்வளவு, கேரவன் பேட்டரியில எவ்வளவு, வயர்ல எத்தனை ஆம்ப்.

3. நடுப்பகல்ல ரெகுலேட்டரோட பேட்டரி முனையில எவ்வளவு, அதே நிமிஷம் பேட்டரியில எவ்வளவு.

4. பிரிட்ஜ் கம்ப்ரெஸர் ஓடும்போது பேட்டரியில எவ்வளவு, பிரிட்ஜுக்குப் பின்னால எவ்வளவு.

இன்னொண்ணு. வயர் என்ன சைஸ், ஃபியூஸ் எங்க இருக்கு? கரவனை வீட்டுல நிறுத்தி 240 வோல்ட் வீட்டுக் கரண்டுல போட்டா சார்ஜ் பண்ணுற பெட்டி என்ன வோல்ட் குடுக்குது?

பெர்த்_பாலைவழி, திங்கள் மாலை 6.48

ஐயா, மரியாதையோட சொல்றேன், பத்து வருஷம் பழசான பேட்டரியை அளந்து என்ன ஆகப்போகுது? மாத்தினாப் போதுமே.

கப்பல்கரண்ட், திங்கள் மாலை 7.02

பேட்டரி போயிருந்தா ஏன் போச்சுன்னு தெரியணும்லா. அதே வயர்ல புது லித்தியத்தை மாட்டினா அதுவும் பட்டினிதான் கிடக்கும்.

வான்மனை, சனி மத்தியானம் 2.10

ஐயா, வெள்ளி இரவும் இண்டைக்குக் காலமையும் இதே வேலைதான். மகள் கொப்பியில எழுதினவ.

ஒண்டு: ஓய்வில பற்றறி 12.3.

இரண்டு: யூட் பற்றறியில 14.1. கரவன் பற்றறியில 12.8. வயரில 15 ஆம்ப்.

மூண்டு: ரெகுலேற்றரில 14.2, பற்றறியில 13.4. அப்ப 6 ஆம்ப் போனது.

நாலு: பிரிட்ஜ் ஓடேக்க பற்றறியில 12.0, பிரிட்ஜுக்குப் பின்னால 11.2!! மூண்டு தரம் அளந்தனான், அதேதான்.

240 சார்ஜர் 13.65ல அசையாமல் நிக்குது. யூட்டில இருந்து வாற வயர் "6 எம்எம்" எண்டு கடையில சொல்லி வாங்கினது. யூட்டுக்குள்ள 5 மீற்றர், கரவனுக்குள்ள 6 மீற்றர். ரெகுலேற்றர் வயர் 4 எம்எம், அலுமாரியால சுத்தி வந்து 7 மீற்றர். பிரிட்ஜ் வயர் 3 எம்எம், 5 மீற்றர், பழைய ஆக்கள் போட்டது. ஃபியூஸ் பற்றறியில இருந்து ரெண்டு மீற்றர் தள்ளி இருக்குது.

கப்பல்கரண்ட், சனி மாலை 5.30

தம்பி, மகளுக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுங்க. நோய் முழுக்க அவ எழுதின நோட்டுல இருக்கு.

மொதல்ல அந்த "6 எம்எம்" கதை. ஆஸ்திரேலியாவுல வண்டி வயருக்குப் போடுற எம்எம் கணக்கு வேற. உறையோட சேர்த்து மொத்த வயரோட தடிமன் அது. உள்ள இருக்கிற செம்போட குறுக்குவெட்டு இல்ல. ஆட்டோ வயர்ல 6 எம்எம்னா செம்பு சுமார் 4.6 சதுர மில்லிமீட்டர்தான். 4 எம்எம்னா 1.84. 3 எம்எம்னா வெறும் 1.13. வீட்டு வயரிங்ல 6ன்னு சொன்னா 6 சதுரமே இருக்கும். ஒரே எண்ணு, ரெண்டு அர்த்தம். ஊர்ல இருந்து வர்ற எலக்ட்ரீசியன் பயலுக எல்லாரும் இதுல ஒரு தடவையாவது விழுவானுக. நானும் விழுந்தேன்.

இனி கணக்கு. செம்புக்கு 0.0175ன்னு வச்சுக்கோங்க. அதை வயர் நீளத்தால பெருக்கி (போக, வர ரெண்டு மடங்கு), செம்போட சதுர மில்லிமீட்டரால வகுத்தா ஓம்ஸ். அதை ஆம்பால பெருக்கினா வழியில தொலையுற வோல்ட்.

உங்க யூட் வயர்: 22 மீட்டர், 4.6 சதுரம். 0.084 ஓம்ஸ். 15 ஆம்புக்கு 1.26 வோல்ட். 14.1ல கழிச்சா 12.84. நீங்க அளந்தது 12.8. பார்த்தீங்களா, பிளக்குல, கிரிம்பிங்குல தப்பு இல்ல, வயர்தான் ஒல்லி. ஏஜிஎம் முழுசா நிரம்ப 14.4 பக்கம் வேணும். 12.8ல வண்டி மெல்பன்லேருந்து சிட்னி போய்ச் சேர்ந்தாலும் பேட்டரி பாதி வயித்தோடதான் இறங்கும்.

பிரிட்ஜ்: 10 மீட்டர், 1.13 சதுரம், 5 ஆம்ப். முக்கால் வோல்ட் போகுது. பிரிட்ஜுக்குள்ள பேட்டரியைக் காப்பாத்துற கட்-அவுட் இருக்கும், பெரும்பாலும் லோ, மீடியம், ஹைன்னு மூணு செட்டிங். அது பேட்டரியைப் பார்க்காது, தன் முதுகுல வர்ற வோல்ட்டைத்தான் பார்க்கும். பேட்டரியில 12.0 இருக்கும்போதே அது 11.2ன்னு நினைச்சுக் கத்துது. மூணு மணிக்கு உங்களை எழுப்பினது காலி பேட்டரி இல்ல தம்பி, ஒல்லி வயர்.

ரெகுலேட்டருக்கும் அதே கதை. அது தன் முனையில 14.2 பார்த்துட்டு "ஆச்சு, நிரம்பிருச்சு"ன்னு கரண்டைக் குறைக்க ஆரம்பிக்குது. பேட்டரி 13.4ல நிக்குது. கரண்ட் குறையக் குறைய இழப்பும் குறையும், கடைசியில போய்ச் சேரும்தான். அதுக்குள்ள பொழுது சாஞ்சிரும்.

வீட்டு சார்ஜர் 13.65: பழைய கேரவன்கள்ல இது சகஜம். அது சார்ஜர்னு பேரு, உண்மையில லைட்டு எரியக் கரண்ட் குடுக்குற பெட்டி. வருஷக்கணக்கா அதுல கிடந்த ஏஜிஎம்முல தகட்டுல சல்பேட் படிஞ்சிருக்கும். அதனால பெர்த் தம்பி சொன்னது முழுத் தப்பும் இல்ல.

மில்டூரா_செல்வி, சனி மாலை 6.05

ஐயா எழுதினதை நான் அப்படியே பிரிண்ட் எடுத்து வண்டிக்குள்ள ஒட்டப்போறேன்.

பெர்த்_பாலைவழி, சனி இரவு 8.20

சரி, ஒத்துக்கறேன் ஐயா. இப்ப போய் என் வண்டியில அளந்தேன். ஆண்டர்சன்ல இருந்து டிசி-டிசி சார்ஜருக்கு (வண்டியில இருந்து வர்ற குறைஞ்ச வோல்ட்டை ஏத்தி பேட்டரிக்குக் கொடுக்கற பெட்டி) வர்ற இடத்துல 1.4 வோல்ட் காணோம். டிசி-டிசி இருக்கறதால அது ஏத்திக் கொடுத்துட்டு இருந்திருக்கு, எனக்குத் தெரியவே இல்ல.

வான்மனை, உங்க யூட் எந்த வருஷம்? புது டீசல் வண்டிகள்ல ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் இருக்கும். பேட்டரி நிரம்பினதும் கம்ப்யூட்டர் வோல்ட்டைக் கீழே இறக்கிடும், எரிபொருள் மிச்சம் பண்ண. 14.1ன்னு நீங்க பார்த்தது ஸ்டார்ட் பண்ண புதுசுல. அரை மணி ஓட்டிட்டு வந்து மறுபடி அளந்து பாருங்க.

வான்மனை, ஞாயிறு காலமை 11.00

2019 வண்டி. டண்டெனொங் மலைப்பக்கம் ஒரு சுத்து ஓடிப்போட்டு வந்து அளந்தன். 13.1! பிறகு ஹெட்லைற் போட்டதும் 14க்கு ஏறிச்சு. உது பேய் வேலை.

கப்பல்கரண்ட், ஞாயிறு மதியம் 12.15

பேய் இல்ல, கம்ப்யூட்டர். அப்போ உங்களுக்கு டிசி-டிசி சார்ஜர் கட்டாயம். 25 ஆம்ப் போதும். கேரவன் பேட்டரிக்குப் பக்கத்துல மாட்டுங்க, யூட் பானெட்டுக்குள்ள மாட்டாதீங்க, அங்க சூட்டுல தானே கரண்டைக் குறைச்சுக்கும். ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர்னா இக்னிஷன்ல இருந்து ஒரு சின்ன சிக்னல் வயர் இழுக்கணும், வோல்ட்டைப் பார்த்துத் தானா ஆன் ஆகுற மாதிரி வச்சா நடுவழியில நின்னு நின்னு போகும்.

25 ஆம்ப் வெளிய குடுக்க அது உள்ள 30 வரைக்கும் இழுக்கும். பழைய வயர்ல அது ரெண்டரை வோல்ட் இழப்பு, வயரும் சுடும். 6 பி அண்டு எஸ் (வயர் தடிமனுக்கு இன்னொரு அளவுமுறை) கேபிள் கேளுங்க. செம்பு 13.5 சதுரம். அதே 22 மீட்டருக்கு 0.86 வோல்ட்தான் போகும், மிச்சத்தை டிசி-டிசி சமாளிச்சுக்கும்.

ஃபியூஸ் ரெண்டு மீட்டர் தள்ளின்னு எழுதியிருந்தீங்க. அதை இன்னிக்கே மாத்துங்க, மத்ததெல்லாம் அப்புறம். ஃபியூஸ் காப்பாத்துறது சாமானை இல்ல, வயரை. அந்த ரெண்டு மீட்டர்ல எங்கயாவது கட்டில் சட்டத்துல உரசி ஷார்ட் ஆச்சுன்னா தடுக்க எதுவும் இல்ல. பேட்டரி முனையில இருந்து ஒரு சாணுக்குள்ள இருக்கணும். யூட் பக்கமும் அதே மாதிரி ஒண்ணு. ரெண்டு பக்கமும் பேட்டரி இருக்கு, மறந்துராதீங்க.

கோவைவயர், ஞாயிறு மதியம் 1.40

ஐயா சொன்ன ஃபியூஸ் விஷயத்தை நான் கண்ணால பார்த்திருக்கேனுங்க. ஒரு கஸ்டமர் செலவு மிச்சம்னு வீட்டு இன்வெர்ட்டர்ல இருந்த 150 ஏஎச் ட்யூபுலர் பேட்டரியைத் தூக்கி வேனுக்குள்ள வச்சுட்டு கொல்லிமலை ஏறினாரு. எழுபது கொண்டை ஊசி வளைவு. மேல போய்ச் சேர்றதுக்குள்ள ஆசிட் மூடி வழியா ததும்பி, கார்ப்பெட்டு ஓட்டை, சீட்டுக் கால் துரு. அது சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வேற விடும், மூடின வண்டிக்குள்ள தூங்கற இடத்துல அது ஆகவே ஆகாது. எங்கிட்ட வந்தப்போ ஃபியூஸ் ஹோல்டர் வேற உருகி பஜ்ஜி மாதிரி ஒட்டிக் கிடந்துச்சு. வீட்டுக்கு அது நல்ல பேட்டரிதான், வண்டிக்கு இல்ல.

அப்புறம் சோலார் ரெகுலேட்டர் எம்பிபிடி வகையா பிடபிள்யூஎம் வகையான்னு யாரும் பேசல. 150 வாட் பேனல் 18 வோல்ட்டுல 8.3 ஆம்ப் தர்றதுன்னு வச்சுக்கோங்க. பிடபிள்யூஎம் அந்த 18ஐ பேட்டரி வோல்ட்டுக்கு இழுத்து உக்கார வச்சுடும். 13 இன்டு 8.3, 108 வாட். மிச்சம் காத்துல போச்சு. எம்பிபிடி அந்த மிச்சத்தை ஆம்பா மாத்தித் தரும். ஆனா எங்கூர் மே மாசத்துல பேனல் கொதிக்கறப்போ அதோட வோல்ட்டே 16க்கு இறங்கிடும், அப்ப லாபம் கம்மி. உங்க மெல்பன் குளிருக்கு நல்லாவே தெரியும்.

மில்டூரா_செல்வி, ஞாயிறு மாலை 4.25

நாங்க ரெண்டு பேரும் ரெண்டு வருஷமா வண்டியிலயே இருக்கோம், அதனால பழக்கத்துல தெரிஞ்சதைச் சொல்றேன்.

கூரை பேனலை நம்பி குளிர்காலத்துல மெல்பன் பக்கம் நிக்காதீங்க. ஜூன் மாசம் படுக்க வச்ச பேனலுக்கு முழு வெயில்னு கணக்குப் பண்ணா நாளைக்கு ரெண்டு மணி நேரம்கூட தேறாது. உங்க 150 வாட்டுக்கு 15, 16 ஆம்ப்-அவர் வந்தா பெருசு. கோடையில அதே பேனல் அதைப் போல மூணு மடங்கு தரும். ஆனா கோடையில நீங்க நிழல் தேடிப் போவீங்க! மரத்தோட ஒரு கிளை நிழல் பேனல் மேல கோடு மாதிரி விழுந்தாப் போதும், பாதிக்கு மேல போயிடும். (ஆத்தோரத்துல பெரிய ரெட் கம் மரத்தடியில நிறுத்தாதீங்க, காத்தே இல்லாத நாள்லயும் கிளை முறிஞ்சு விழும்.)

நாங்க 200 வாட் மடக்கு பேனல் ஒண்ணு வச்சிருக்கோம். வண்டி நிழல்ல, பேனல் வெயில்ல. ஒரே ஒரு விஷயம்: மடக்கு பேனல் முதுகுலயே ரெகுலேட்டர் ஒட்டி வரும். அதை வச்சு பத்து மீட்டர் வயர் இழுத்தா ஐயா சொன்ன அதே கூத்துதான். நாங்க அதைக் கழட்டிட்டு, வண்டிக்குள்ள பேட்டரி பக்கத்துல இருக்கற எம்பிபிடியில கொண்டு வந்து மாட்டினோம். ரெகுலேட்டர் இல்லாத பேனலை நேரா பேட்டரியில மட்டும் மாட்டிடாதீங்க.

2000 வாட் இன்வெர்ட்டர் எதுக்கு உங்களுக்கு? மிக்ஸிக்குன்னா, 500 வாட் மிக்ஸி ரெண்டு நிமிஷம் சுத்தினா ஒண்ணரை, ரெண்டு ஆம்ப்-அவர்கூட ஆகாது, ஸ்டார்ட் ஆகற நிமிஷத்துக்குத்தான் இன்வெர்ட்டர் தாங்கணும். எமன் ரைஸ் குக்கர்தான். 500 வாட் அரை மணி நேரம் ஓடினா 20 ஆம்ப்-அவருக்கு மேல போயிடும். அரிசியை ஊறப் போட்டு கேஸ்ல குக்கர் வைங்க. மாவு புளிக்கணும்னா பிரிட்ஜ் கம்ப்ரெஸருக்குப் பின்னால ஒரு சின்ன இடம் எப்பவும் வெதுவெதுன்னு இருக்கும், என் இட்லி எல்லாம் அங்கதான் பொறக்குது.

வான்மனை, ஞாயிறு இரவு 9.10

செல்வியக்கா, மனுசிக்கு வாசிச்சுக் காட்டினன். "இன்வேற்றர் வேண்டாம், சம்பல் உரல்ல இடிக்கலாம், ஆனால் நீங்கதான் இடிக்க வேணும்" எண்டா.

லித்தியம் பற்றி இன்னும் ஒரு கேள்வி. கடைக்காரர் பழைய பற்றறியை எடுத்துப்போட்டு லித்தியத்தைக் கட்டிலுக்குக் கீழ அப்பிடியே வைக்கலாம் எண்டவர். சரியோ?

பெர்த்_பாலைவழி, ஞாயிறு இரவு 9.45

வேணாம்! இங்க 2022ல ஏஎஸ்/என்இசட்எஸ் 3001.2ன்னு விதி மாறிடுச்சு. லித்தியம் பேட்டரி தூங்கற இடத்துக்குள்ள திறந்து இருக்கக் கூடாது. உள்பக்கம் காத்துப் புகாம அடைச்ச பெட்டி, வெளிப்பக்கம் காத்துப் போக வழி. நான் வண்டி முன்பக்கம் வெளிய திறக்கற சாமான் பெட்டிக்குள்ள மாத்தினேன். 12 வோல்ட் வேலையை நாமளே செய்யலாம், 240 பக்கம் கை வைக்கணும்னா லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியன்தான்.

அந்த 13.65 சார்ஜரையும் மாத்தணும், லித்தியம் செட்டிங் உள்ளதா பார்த்து வாங்குங்க. பூஜ்யம் டிகிரிக்குக் கீழ லித்தியத்தை சார்ஜ் பண்ணக் கூடாது, செல்லுக்குள்ள லித்தியம் உலோகமாப் படிஞ்சிடும். பிஎம்எஸ்ல (பேட்டரியைக் காக்கற சர்க்யூட்) குளிர் கட்-ஆஃப் இருக்கான்னு கேட்டு வாங்குங்க. பனிமலைப் பக்கம் போறவங்களுக்கு அது முக்கியம்.

கப்பல்கரண்ட், திங்கள் காலை 8.00

லித்தியத்துக்குப் போறதுக்கு முன்னால பழைய ஏஜிஎம்மை ஒரு தடவை சோதிச்சிருங்க. நல்ல 14.4 சார்ஜர் கடன் வாங்கி ஒரு நாள் முழுக்க நிரப்புங்க. அப்புறம் 5 ஆம்ப் லோடு, ஒரு பழைய 60 வாட் ஹெட்லைட் பல்பு போதும். பத்து மணி நேரம் எரிய விட்டு, அணைச்சு, ஒரு மணி நேரம் கழிச்சு அளங்க. 12.2 பக்கம் நின்னா பேட்டரி உயிரோட இருக்கு.

வான்மனை, மூன்று வாரம் கழிச்சு, சனி இரவு 8.30

ஐயா, பல்ப் சோதனையில ஆறு மணித்தியாலத்திலயே 12.0க்கு வந்திட்டுது. பற்றறி பாதி செத்ததுதான். ஆனால் அதையே வச்சு முதல் வயரை மாத்திப் பாப்பம் எண்டு நினைச்சன்.

செய்தது: பிரிட்ஜுக்கு 6 சதுர மில்லிமீற்றர் வயர், இந்த முறை ரீலில "சதுர" எண்டு இருக்கோ எண்டு கண்ணாடி போட்டுப் பாத்துத்தான் வாங்கினன். பற்றறிக்குப் பக்கத்திலயே ஃபியூஸ். ரெகுலேற்றரைக் கழட்டி, விக்ட்ரான் 75/15 எம்பிபிடி பற்றறியில இருந்து முக்கால் மீற்றரில. முதல் பற்றறி வயர், பிறகு பனல் வயர் எண்டு ஒழுங்கு மாறாமல் பூட்டினன். செலவு முன்னூறு டொலருக்குள்ள.

போன கிழமை பிரைற் பக்கம் ரெண்டு இரவு நிண்டம், அதே செத்த பற்றறியோட. பிரிட்ஜ் கத்தேல்லை. காலமை ஆறு மணிக்கு எழும்பி அளந்தன்: பற்றறி 12.0, பிரிட்ஜுக்குப் பின்னால 11.85. மூண்டாம் இரவு தாங்கி இருக்காது, அது தெரியும். 100 லித்தியம் ஒண்டும் டிசி-டிசியும் அடுத்த மாதம், 6 பி அண்டு எஸ் கேபிள் ஏற்கெனவே வாங்கி யூட்டுக்குள்ள இழுத்தாச்சு. கடைக்காரரின்ர கொட்டேஷனில அரைவாசியும் வராது.

கப்பல்கரண்ட், சனி இரவு 9.05

0.15 வோல்ட். நல்ல வேலை தம்பி. வயர் நுனி லக் எல்லாம் சரியான கிரிம்பர்ல அடிச்சதா, சுத்தியலா?

வான்மனை, சனி இரவு 9.12

பக்கத்து வீட்டு கிரேக்கக் கிழவரிட்ட ஹைட்ரோலிக் கிரிம்பர் இருந்தது. ஒரு போத்தல் வைன் குடுத்தன்.

கோவைவயர், சனி இரவு 9.20

வான்மனை, யூட் பின்னால இருக்கற ஆண்டர்சன் பிளக்குக்கு ரப்பர் மூடி போட்டீங்களா? மண் ரோட்டுல ஓடினா உள்ள புழுதி அடைஞ்சு காண்டாக்ட் சுடும்.

வான்மனை, சனி இரவு 9.26

போடேல்லை. நாளைக்குக் காலமை கடை திறந்ததும் முதல் வேலை அதுதான்.